தார் வாசனை அடித்த விஸ்கி

புகை வாசனை உள்ள விஸ்கியில் எவனாவது சோடாவைக் கவிழ்ப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கிறது. கோபம் கூடாது, ரத்த அழுத்தம் ஏறும் என்று டாக்டர் சொல்கிறார். கோபம் இல்லாமல் இருந்திருந்தால் இந்த டில்லியில் நான் ஒரு ஆணிகூட அடித்திருக்க மாட்டேன் என்று அவருக்கு யார் சொல்வது. போன மாதம் ஒரு கல்யாண விருந்தில், கழுத்தில் டை கட்டிய ஒரு வாலிபன் என்னிடம் வந்து, "அங்கிள், இது சிங்கிள் மால்ட், பீட்டட். உங்களுக்குப் பழக்கம் இருக்காது. கோலா கலந்து தரட்டுமா?" என்று கேட்டான். அவன் பிறப்பதற்கு முன்பே அந்தச் சரக்கு என் பிழைப்பில் கை வைத்துவிட்டது. பழக்கம் இருக்காதாம். அந்தக் கடுப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஐந்தாவது வரை போனவன். அதையும் பாஸ் செய்தேனா என்பது எனக்கே சந்தேகம். மதுரைப் பக்கத்திலிருந்து டில்லிக்கு வந்து, பழ மண்டியில் ஆப்பிள் பெட்டிக்கு ஆணி அடித்தேன். அங்கிருந்து எம்பசிக்காரர்களின் வீட்டுச் சாமானுக்குப் பெட்டி அடிக்கிற அளவுக்கு வந்தேன். ஒருவரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. கரோல் பாகில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் குடோன். என் பெட்டிக்குள் வைத்து அனுப்பிய கண்ணாடிச் சாமான் எந்தத் துறைமுகத்திலும் உடைந்து இறங்கியதாக எனக்குத் தகவல் வந்ததில்லை. இன்றைக்கு அட்டைப் பெட்டியில் டேப்பைச் சுற்றிக் கப்பலில் ஏற்றுகிறவன்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

கப்பலில் போகிற பெட்டிக்கு ஒரு முறை உண்டு. பலகை அடித்து முடித்ததும் உள்பக்கம் முழுக்கத் தார் பூசிய காகிதத்தை ஒட்டவேண்டும். கடல் காற்றும் உப்பு ஈரமும் சாமானைத் தொடாமல் காப்பது அந்தக் காகிதம்தான். குடோனில் அதைச் சுருள் சுருளாக அடுக்கியிருப்போம். வெயில் ஏற ஏறத் தாரும் பலகையும் கயிறும் சேர்ந்து ஒரு வாசனை கிளம்பும். அது என் சட்டையில் ஏறி, தலைமுடியில் ஏறி, கடைசியில் வீட்டுச் சாம்பாரிலும் இறங்கிவிட்டது என்று என் மனைவி சொல்வாள். எனக்கு அது உறைக்காது. சோறு போடுகிற வாசனை யாருக்கு உறைக்கும்.

டில்லி முழுக்க மேம்பாலத்துக்காகத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. சாணக்யபுரியில் ஓர் எம்பசியில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பப் போனார். அவர் வீட்டுச் சாமானை நான்தான் கட்டினேன். நெட்டையான ஆள், அரைகுறை ஹிந்தி, என்னை 'பேட்டிவாலா', பெட்டிக்காரன், என்றுதான் கூப்பிடுவார். அவர் சாமானில் சொந்த ஊர் விஸ்கிப் புட்டிகள் கொஞ்சம் இருந்தன. ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, மரச்சீவலுக்குள் பதித்து, பெட்டியை மூடி இரும்புப் பட்டை போட்டு முடித்த பிறகு, வெளியே எடுத்து வைத்திருந்த ஒரு புட்டியை என்னிடம் கொடுத்தார். தனக்கு ஏதோ காரியத்தில் உதவி செய்த ஒரு பெரிய அதிகாரிக்கு அன்பளிப்பாம். "நீ போகிற வழிதானே, கொடுத்துவிடு" என்றார்.

அந்த அதிகாரி எனக்கும் தெரிந்தவர். தமிழர், தஞ்சாவூர்ப் பக்கம், செக்ரெட்டரியேட்டில் பெரிய நாற்காலி. இரண்டு தடவை மாற்றலில் போய் வந்தபோது அவர் வீட்டுச் சாமானை நான் கட்டியிருக்கிறேன். அந்த நன்றிக்கோ என்னவோ, வேறொரு எம்பசியில் சாமான் விவகாரம் எல்லாம் பார்க்கிற பஞ்சாபி மேனேஜரிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். 'நம்ம ஊர் ஆள், நம்பலாம்' என்கிற ஒரு வார்த்தை. அதற்குப் பலனாக அந்த எம்பசியில் ஒரே நேரத்தில் ஊர் திரும்புகிற பல வீட்டுச் சாமானையும் கட்டுகிற வேலை திங்கட்கிழமை முதல் எனக்கு வருவதாக இருந்தது. அதுவரைக்கும் அத்தனை பெரிய வேலை எனக்கு வந்ததில்லை. பலகை வாங்கிப் போட்டுவிட்டேன், ஆள் பேசிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் புட்டியை அதிகாரி வீட்டு வாசலில் கொடுத்து, கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலையில் அவருடைய டிரைவர் வந்து நின்றான். ஐயா உடனே வரச் சொன்னாராம், ஜல்தி.

நான் ஏதோ சந்தோஷச் செய்தி என்று நினைத்து, சலவைச் சட்டை போடக்கூட நிற்காமல் குடோனில் இருந்த கோலத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டில் குடிப்பதற்கென்று முன்பக்கம் ஓர் அறை தனியாக இருந்தது. அவர் வீட்டு மாமிக்கு அந்த வாடையே ஆகாது. அந்த அறையின் கண்ணாடித் தம்ளர் அடுப்படிக்குள் போகக்கூடாது, தோட்டத்துக் குழாயில் கழுவி அங்கேயே கவிழ்த்து வைக்கவேண்டும். பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு அதிகாரி சோபாவில் இருந்தார். பக்கத்தில் அவர் மச்சினர், மாமியின் தம்பி, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருக்கிற ஒரு செக்‌ஷன் ஆபீசர். நடுவில் நான் கொடுத்த புட்டி, திறந்து கிடந்தது. என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"இதுல என்னப்பா ஊத்தினே?" என்றார் அதிகாரி.

எனக்குப் புரியவில்லை. "எதுல சார்?"

"நடிக்காதே. சரக்கை நீ எடுத்துண்டு இதுல என்னத்த ரொப்பினே? பினாயிலா, டிஞ்சரா?"

புட்டியில் எதுவும் ரொப்புகிற வேலையை நான் செய்வதில்லை, கொடுத்ததைக் கொடுத்தபடி கொண்டுவந்தேன் என்று சொன்னேன். மச்சினர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் சொல்வான். திருகினா மூடி கிரக்னு உடையணும். உடையல. வெறும் கார்க்கு, பொளக்னு வந்துடுத்து. நிறத்தைப் பாரு, வைக்கோல் ஊறின தண்ணி மாதிரி. ஸ்காட்ச்னா எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா?"

அவர்களுக்கு என்ன தெரியும் என்று நான் சொல்கிறேன். அந்த நாளில் டில்லியில் ஸ்காட்ச் என்று சுற்றியதில் பாதி, பழைய புட்டியில் உள்ளூர்ச் சரக்கை ஊற்றி மூடியது. வெளிநாட்டுப் புட்டி காலியானால், பழைய சாமான் வாங்குகிற கபாடிக்காரன் மூடியும் அட்டைப்பெட்டியும் கேட்டு வாங்கிக்கொண்டு போவான். அதனால் விவரமான ஆட்கள் குடித்து முடித்ததும் புட்டியை உடைத்துப் போடுவார்கள். இவர்கள் வீட்டு அலமாரியில் இருந்ததெல்லாம் அந்தக் கபாடிச் சரக்குதான், வெல்லப்பாகு வாசனை வாசல்வரை வரும். மூடி கிரக் என்று உடைந்தால் அசல், நிறம் காப்பி டிகாஷன் மாதிரி இருந்தால் அசல். அப்படியே வருஷக்கணக்காகக் குடித்துப் பழகியவர்களுக்கு முன்னால் நிஜமான சரக்கு முதல்முறையாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பினாயில் என்று பெயர். அதைக் கொண்டுவந்தவனுக்குத் திருடன் என்று பெயர்.

அதிகாரி ஒரு தம்ளரில் ஊற்றி என் பக்கம் நீட்டினார். "குடி. நீ ரொப்பினது தானே, நீயே குடி. விஷம் இல்லேன்னாவது தெரியட்டும்."

மறுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. வாங்கினேன். நின்றபடியே ஒரே வாயாக இறக்கினேன்.

அந்த முதல் வாயை நான் மறக்கவே மாட்டேன். அதுவரை நான் குடித்ததெல்லாம் ரம்மும், மண்டியில் கிடைக்கிற நாட்டுச் சரக்கும்தான். அவை தொண்டையில் எரியும், தலைக்குப் போகும், வேறு சேதி கிடையாது. இது வாய்க்குள் போனதும் முதலில் ஆஸ்பத்திரி, புண்ணுக்குப் போடுகிற மருந்தின் நெடி. அதைத் தள்ளிக்கொண்டு புகை. அடுப்புப் புகை மாதிரி கண்ணைக் கரிக்காமல், மூக்கின் உள்பக்கம் வழியாக ஏறியது. பிறகு தார். பிறகு கயிறு. கடைசியில் உதட்டில் ஓர் உப்பு. என் குடோனுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது போல் இருந்தது. இத்தனை அவமானத்துக்கு நடுவில், நெஞ்சு கொதித்துக்கொண்டிருக்கும்போதே, இது பிரமாதமான சரக்கு என்று என் நாக்கு எனக்குச் சொன்னது. அதையும் நான் மறைக்கவில்லை.

"சார், இது நல்ல சரக்கு" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். "உனக்கு நன்னாத்தான் இருக்கும்" என்று மச்சினர் எழுந்து வந்தார். என் பக்கத்தில் நின்று, காய்கறி வாங்குகிறவர் மாதிரி, என் தோளருகே மூக்கை வைத்து முகர்ந்தார். "அத்திம்பேர், வேற சாட்சியே வேண்டாம். இவன் சட்டையில என்ன வாடையோ அதே வாடைதான் புட்டியிலயும். அவன் கொட்டகைல வெச்சு ரொப்பியிருக்கான்."

என்னை அடித்திருக்கலாம், நான் திருப்பி அடித்திருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். ஒரு மனிதனை முகர்ந்து பார்ப்பது என்ன பழக்கம்? இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடத்துத் தோல் எரிகிறது. என் உழைப்பின் வாசனையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று எவன் நினைத்துப் பார்ப்பான்?

அதிகாரி புட்டியைக் கார்க்கால் மூடி என் கையில் திணித்தார். "எடுத்துண்டு போ. அந்த மேனேஜருக்குக் காலையிலயே போன் பண்ணிட்டேன். உன்னை நான் சிபாரிசு பண்ணதை மறந்துடச் சொல்லிட்டேன்."

"எதுக்கு சார்?"

"அடுத்தவா வீட்டுச் சாமானைத் தொடற தொழில்ல இருக்கறவன் கை சுத்தமா இருக்கணும்பா."

கை சுத்தம் பற்றி எனக்கு அவர் சொன்னார். பூட்டாத அலமாரியை, நகைப்பெட்டியை, பெண்களின் புடவை மடிப்பை, எல்லாவற்றையும் எங்களை நம்பி விட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் வெளியே போவார்கள். இந்தத் தொழிலில் பலகையும் ஆணியும் யாரிடமும் கிடைக்கும். நான் விற்றது என் பெயரை. அது கெட்டுப்போனதாக ஒரு எம்பசியில் சொன்னால், அடுத்த நாள் எல்லா எம்பசிக்கும் தெரிந்துவிடும். ஒரு போனில் அந்த மனிதர் என் தொழிலின் கழுத்தில் கால் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். வாசலில் என் மனைவி மூக்கைச் சுருக்கினாள்.

"பட்டப்பகல்ல குடிச்சிட்டா வர்றீங்க?"

"குடிக்க வச்சாங்க."

"ஆமா, கையக் கால கட்டி வாயில ஊத்தினாங்களாக்கும்."

நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். பிறகு, "இந்த வாயோட எங்க போயி நியாயம் பேசுவீங்க? எவன் நம்புவான்? மொதல்ல மோர் குடிங்க" என்று ஒரு செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. எனக்கு அந்த ருசி நாக்கில் இருக்கவேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் பக்கம் இருந்த ஒரே சாட்சி அதுதானே.

குடோனில் என் தச்சு மிஸ்திரி பீடி பிடித்துக்கொண்டிருந்தான். பீகாரில் கயா பக்கத்து ஆள், பல வருஷமாக என்னோடு இருந்தவன். கதையைக் கேட்டுவிட்டு, கப்பலுக்குப் போவதற்காக மூலையில் பட்டை போட்டு நிற்கிற ஸ்காட்லாந்துக்காரரின் பெட்டிகளைக் கண்ணால் காட்டினான். அதே புட்டிகள் அதற்குள் இருக்கின்றனவே, ஒரு பலகையை நெம்பினால் போதும், ஒன்றை எடுத்துப்போய் அவர்கள் கண் முன்னால் திறந்து காட்டலாம், பிறகு துரையிடம் சொல்லிவிட்டு வேறு பலகை அடித்துவிடலாம் என்று அவன் ஹிந்தியில் விளக்கினான். "சேட்ஜி, நாலு ஆணி. அவ்வளவுதான்."

கடப்பாரை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. யோசிக்கவே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். எது எந்தப் பெட்டியில், எந்த மூலையில் என்று எனக்குத் தெரியும். பதித்தது நான்.

"மூடின பெட்டியை உடையவன் இல்லாம திறந்தா, அவங்க என்னைச் சொன்னது நிஜமாயிடும்டா" என்றேன்.

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நாளைக்கு உனக்கும் எனக்கும் சண்டை வந்தா ஊருக்கே தெரியும்."

அவன் பீடியை அணைத்துவிட்டு, "அச்சா, அதுவும் சரிதான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது தேவைப்பட்டது.

ஸ்காட்லாந்துக்காரர் இன்னும் விமானம் ஏறவில்லை. காலியான வீட்டில் ஒரு கட்டிலையும் இரண்டு நாற்காலியையும் வைத்துக்கொண்டு இருந்தார். மத்தியானம் போய் மணி அடித்தேன். புட்டியை அவர் முன்னால் வைத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷையும் அவருக்குத் தெரிந்த ஹிந்தியையும் சேர்த்துப் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. உள்ளே போய் இரண்டு எவர்சில்வர் தம்ளர்களோடு வந்தார். கண்ணாடித் தம்ளரையெல்லாம் நான்தான் பெட்டிக்குள் மூடிவிட்டேனே.

இரண்டிலும் விரல் உயரம் ஊற்றினார். அவர் தம்ளரைத் தூக்கியதும் எனக்கு ஒரு பயம் பிடித்தது. என்னிடம் வருவதற்கு முன்பே அந்தப் புட்டி எங்காவது கைமாறிக் கலப்படம் ஆகியிருந்தால்? அவர் முகம் கோணினால் நான் அத்தோடு ஒழிந்தேன். அவர் குடிக்கவில்லை, முதலில் மூக்கை வைத்தார். கண்ணை மூடினார். பிறகு கொஞ்சமாக உறிஞ்சி, உடனே விழுங்காமல், சோற்றை மெல்லுகிற மாதிரி வாய்க்குள் மென்றார். விழுங்கிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது என் அம்மாவின் தீவு" என்றார்.

அந்தத் தீவில் மரம் குறைவாம். சதுப்பு நிலத்துக் கரிய மண்ணை வெட்டியெடுத்து, நம் பக்கம் வரட்டி காயவைப்பது போல் காயவைத்து எரிப்பார்களாம். அந்த மண்ணுக்குத்தான் பீட் என்று பெயர். முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் காட்டித்தான் இந்த விஸ்கி காய்ச்சுகிறார்கள். பீப்பாய் கிடக்கிற கிடங்கின் சுவரில் கடலலை வந்து மோதும். நிறம் வெளுப்பாக இருப்பதற்குக் காரணம், சர்க்கரையைக் கருக்கிச் சாயம் சேர்க்காதது. அங்கே பிறந்தவர்களில்கூடச் சிலருக்கு இது பிடிக்காதாம், முகத்தைச் சுளிப்பார்களாம்.

பிறகு என் தம்ளரில் குழாய்த் தண்ணீரை விரலால் தொட்டு ஒன்றிரண்டு சொட்டு விட்டார். "இப்போது குடி. மெதுவாக. யார் மேலும் கோபம் இல்லாமல்."

கோபம் இல்லாமல் முடியாது என்று சொன்னேன். ஆனால் மெதுவாகக் குடித்தேன். அந்தச் சொட்டுத் தண்ணீர் என்ன செய்ததோ, காலையில் முன்னால் வந்து இடித்த மருந்து வாடை பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. புகைக்கு அடியில் ஒரு தித்திப்பு இருந்தது. தேன் மாதிரி இல்லை, சுட்ட சோளத்தில் வருமே, பால் தித்திப்பு, அது. விழுங்கி வெகு நேரம் கழித்தும் புகை வாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டு இருந்தது. காலையில் தெரிந்தது ஒரு பெட்டியின் வெளிப்பலகை, இப்போதுதான் உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது என்று தோன்றியது. சோடாவை ஊற்றினால் இந்தத் தித்திப்பு செத்துவிடும். ஐஸைப் போட்டால் புகை ஒடுங்கிவிடும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. பிற்பாடு என் சம்பாத்தியத்தில் வாங்கி, இப்படியும் அப்படியும் குடித்துப் பார்த்து, நானே தெரிந்துகொண்டது.

அவர் போனை எடுத்து அதிகாரியோடு பேசினார். ஹலோ என்றார், பினாயில் என்ற வார்த்தையைச் சொல்லிச் சிரித்தார், தன் அம்மாவைப் பற்றியும் பீட்டைப் பற்றியும் ஏதோ சொன்னார், மறுபடி சிரித்தார், வைத்துவிட்டார். "முடிந்தது, பேட்டிவாலா."

நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தக் காலி வீட்டில் நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. நான் காலையில் நின்று, சொல்லி, குடித்துக்காட்டி, முகர்ந்து பார்க்கப்பட்டு, அப்போதும் ஏறாத பேச்சு, ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டு சொன்னதும் ஏறிவிட்டது. அசல்தானா என்று ஒரு கேள்வி கிடையாது. என்னைத் தெரிந்த வருஷங்கள் ஒரு பக்கம், அவர் சிரிப்பு ஒரு பக்கம். எது கனம் என்று அந்த வீட்டுத் தராசு காட்டிவிட்டது.

சாயங்காலம் புட்டியோடு அதிகாரி வீட்டுக்குத் திரும்பப் போனேன். அது அவர் பொருள், கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அறையில் அதே திரை, அதே மச்சினர், புதிதாக ஒரு தட்டில் மிக்சர். என்னைப் பார்த்ததும் அதிகாரி, "வா வா, உக்காரு" என்றார். காலையில் இல்லாத நாற்காலி இப்போது முளைத்திருந்தது. நான் உட்காரவில்லை.

அவர் புட்டியை வாங்கி ஊற்றி, ஐஸைப் போட்டு, மேலே சோடாவை நுரைக்க நுரைக்கக் கவிழ்த்தார். ஒரு வாய் குடித்துவிட்டு மச்சினருக்குப் பாடம் எடுத்தார். "இதுக்குப் பீட்னு பேருடா. ஒரு மாதிரி மண்ணு. அந்த ஸ்மோக்கினெஸ் இருக்கு பாரு, அதான் இதோட ஸ்பெஷாலிட்டி. பழகாதவாளுக்குப் பிடிக்காது."

மச்சினர் ஒரு வாய் குடித்து, கஷ்டப்பட்டு விழுங்கி, "ஆமாம் அத்திம்பேர், என்ன ஒரு க்ளாஸ்" என்றார். காலையில் பினாயில், சாயங்காலம் க்ளாஸ். நாக்கு என்று ஒன்று இருக்கிறவன் இப்படி மாறுவானா?

"சார், மேனேஜருக்குப் போன் பண்ணணும்" என்றேன்.

"பண்ணலாம், பண்ணலாம். நாளைக்கு ஆபீஸ்லேருந்து சொல்றேன்."

"காலையில வீட்டுலேர்ந்துதான சார் பண்ணீங்க. ஞாயித்துக்கிழமதான."

மச்சினர் குறுக்கே வந்தார். "அதான் எல்லாம் சரியாயிடுத்தே. நீயும் ஒரு பெக் போட்டுண்டு போயேன். எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிண்டு நிக்கறே?"

"உங்ககிட்ட நான் பேசல சார்" என்றேன். அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தை நான் அதுவரை சொன்னதில்லை. அதிகாரி முகம் மாறியது. போன் அவருக்குப் பின்னால் மேஜைமேல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மிக்சரை எடுத்தார், வைத்தார். உள்ளேயிருந்து மாமி, "யாரு வந்திருக்கா?" என்று குரல் கொடுத்தாள். "ஒண்ணுமில்ல, பேக்கிங்காரன்" என்றார். நான் நகரவில்லை. சாமான் வண்டியில் ஏறும்வரை வெயிலில் நின்று பழகிய கால் இது.

கடைசியில் சுழற்றினார். லைன் கிடைக்கவில்லை. "பாரு, எங்கேஜ்டு" என்றார், நிம்மதியாக.

"பரவால்ல சார், நிக்கிறேன்."

மறுபடி சுழற்றினார். கிடைத்தது. இங்கிலீஷில் ஆரம்பித்தார். ஏதோ மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் என்று குழப்பமாகப் போனது. என் இங்கிலீஷ் மட்டம்தான், ஆனால் யாருடைய தப்பு என்பது இல்லாமல் ஒருவன் பேசினால் அது எந்தப் பாஷையிலும் எனக்குப் புரியும்.

"சார், ஹிந்தியில சொல்லுங்க. எனக்கும் புரியட்டும். தப்பு யாரோடதுன்னு சொல்லுங்க."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னை முறைத்தார். எத்தனையோ பேரை அந்த முறைப்பில் பியூனாக்கியிருப்பார். நானும் பார்த்தேன். ஐந்தாம் கிளாஸ் கண்தான், ஆனால் தாழவில்லை. கையை எடுத்துவிட்டு, காறித் துப்புகிற மாதிரி, "கல்தி மேரி தீ" என்றார். தப்பு என்னுடையது. மச்சினர் தம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தப் பக்கம் மேனேஜர் ஏதோ நீளமாகப் பேசினார். அதிகாரி போனை வைத்தார்.

"வேலையைக் காலையிலயே வேற ஆளுக்குக் குடுத்துட்டானாம். இனிமே நான் என்னப்பா பண்றது?"

அவர் குரலில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

"அது என் பாடு சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உட்காரவும் இல்லை, அவர் நீட்டியதைத் தொடவும் இல்லை. ஆசை இல்லாமல் இல்லை. வாசல்வரை அந்தப் புகை வாசனை கூடவே வந்தது. சோடாவில் முங்கிச் சாகிற நல்ல சரக்கை விட்டுவிட்டு வருவதும் ஒரு கஷ்டம்தான்.

திங்கட்கிழமை, வாங்கிய பலகை குடோனில் அடுக்கிக் கிடக்க, பேசிய ஆட்கள் வாசலில் நிற்க, அவர்களை மிஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு நான் அந்த மேனேஜரை நேரில் பார்க்கப் போனேன். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வாசல் கேட்டில் உட்காரவைத்தார். உள்ளே போனதும், "அதிகாரி சாஹேப் போனில் சொன்னார், உன் மேல் தப்பு இல்லையாமே" என்றார்.

"அவர் சொன்னதை விடுங்க. காலையில ஒண்ணு சொல்வார், சாயங்காலம் ஒண்ணு சொல்வார்" என்றேன் எனக்குத் தெரிந்த ஹிந்தியில். "அடுத்த வீடு எப்ப காலியாகுதோ அப்ப ஒரே ஒரு பெட்டி குடுங்க. நான் அடிச்சுக் காட்டுறேன். பிடிச்சா மறுபடி கூப்பிடுங்க. இனிமே எனக்காக யாரும் போன் பண்ண மாட்டாங்க. பண்ணினா எடுக்காதீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டீ சொன்னார். கோடை முடிவதற்குள் ஒரு பெட்டி கொடுத்தார். பிறகு அந்த எம்பசியில் எவர் ஊர் திரும்பினாலும் என் ஆட்கள்தான் போனார்கள். அந்த அதிகாரி ரிட்டயராகி மெட்ராஸ் கிளம்பியபோது சாமான் கட்டுவதற்கு டிரைவரை அனுப்பினார். வேலை அதிகம், ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஆள் இருந்தார்கள், குடோன் வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். டிரைவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போனான்.